பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சொல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே, ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து என் வாழ்க்கையைக் கூட்டிக் கழித்து முடித்துவிட்டேன். எனக்கு எல்லாவற்றிலும் அவ்வளவு அவசரம். டீச்சர் கேள்வியைப் பாதி கேட்பதற்குள் கையைத் தூக்குவேன், முக்கால்வாசி வருவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவேன். "முழுசாக் கேளு, அப்பறம் வாயத் தொற" என்று பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் சொன்னார்கள். அதையும் நான் முழுசாகக் கேட்டதில்லை.

அந்தக் காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். தருமபுரியில் லேப் டெக்னீஷியன் படிப்பு, இரண்டு வருடம். முதல் வருடக் கட்டணம் ஐம்பத்தைந்தாயிரம். கையில் இருப்பது பூஜ்யம். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். அவர் அனுப்புவது வீட்டுக்கும், வீடு கட்டிய கடனுக்கும் சரியாகப் போய்விடும். அம்மா கடத்தூர் பக்கத்துக் காடுகளில் களை எடுக்கப் போவார். அந்தக் கூலியில் நான் கை வைக்க முடியாது.

அந்த வாரமே எங்கள் ஊருக்கு ஓசூர்க் கம்பெனி ஒன்றின் வேன் வந்தது. பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள் வேண்டும், ஹாஸ்டல் உண்டு, பிடித்தம் போகப் பன்னிரண்டாயிரம் கைக்கு வரும் என்றார்கள். நான் அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டேன்.

"ஒரு வருஷம்மா. ஒரே வருஷம். பணம் சேத்துட்டு வந்து படிக்கப் போறேன்" என்றேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "போன புள்ளைங்க எல்லாம் அப்டிச் சொல்லிட்டுத்தான் போச்சுங்க. எது திரும்பி வந்து படிச்சுது, சொல்லு?"

எங்கள் தெருவிலேயே மூன்று பேர் அப்படிப் போனவர்கள். முதல் வருடம் தங்கைக்குக் காது குத்து, இரண்டாம் வருடம் போர்வெல், மூன்றாம் வருடம் கல்யாணம். அந்த வரிசையில் நாலாவதாக நான் நின்றுவிடுவேனோ என்ற பயம் அன்று பிடித்தது, ஒரு வருடம் விடவே இல்லை.

பணம் கையில் இருந்தால் கரையும் என்பதால் மாதம் ஐயாயிரத்தைச் சீட்டில் போட முடிவு செய்தோம்; மீதிச் சம்பளம் என் செலவுக்கும் அப்பாவின் கடனுக்கும். எங்கள் ஊரில் ஏலச்சீட்டு நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் எழுத்து, மற்றதெல்லாம் வாய்ச் சொல். அந்த வருடம் ஜூலையில் அவர் தொடங்கியதில் பன்னிரண்டு பேர், மாதம் ஐயாயிரம். ஆக, ஒவ்வொரு மாதமும் அறுபதாயிரம் சேரும். முதல் மாதச் சீட்டு நடத்துகிற அக்காவுக்கு. அடுத்த மாதத்திலிருந்து ஏலம். அவசரப் பணம் வேண்டியவர்கள் 'பத்தாயிரம் தள்ளிக் கேக்கறேன்', 'பன்னெண்டு தள்ளிக் கேக்கறேன்' என்று போட்டி போடுவார்கள். யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கு மீதிப் பணம். விட்டுக்கொடுத்த அந்தத் 'தள்ளு' பன்னிரண்டு பேருக்கும் பங்கு. ஏலமே கேட்காமல் கடைசி வரைக்கும் காத்திருக்கிறவருக்குத் தள்ளே கிடையாது. அறுபதாயிரமும் முழுசாக வரும்.

அந்தக் கடைசிச் சீட்டுதான் என் திட்டம். பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவே. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ஏலம் பத்தாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, அக்கா வீட்டு வாசலில் நடக்கும். நான் ஓசூரிலிருந்து போனில் சேர்ந்துகொள்வேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கூட்டத்தின் நடுவில் போனைப் பிடித்துக்கொள்வார். ஆகஸ்டில் நடந்த முதல் ஏலத்திலேயே எனக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது. பங்குக் கணக்குப் போடுவது. 'இருபதாயிரம் தள்ளு, தலைக்கு எவ்ளோ பாப்பா?' என்று அக்கா கேட்டு முடிப்பதற்குள் "ஆயிரத்து அறுநூத்தி அறுவத்தாறுக்கா, சில்லறைய வுட்டுருங்க" என்று சொல்லிவிட்டேன். "கம்ப்யூட்டரு" என்று சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது மாதம், செப்டம்பர். காலை ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஓசூர் டிராபிக். வெளியே லாரி ஹாரன், உள்ளே நாற்பது பெண்களின் பேச்சு. போனில் ஏலத்தின் சத்தம் விட்டு விட்டு வந்தது. யாரோ 'பதினாறு' என்றார்கள். யாரோ 'பதினேழு' என்றார்கள். அந்தக் குரல் தெரிந்தது. எங்கள் ஊரில் மஞ்சள் காடு வைத்திருப்பவர், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். அப்புறம் சத்தமே இல்லை. பஸ் நகர்ந்தது. அக்காவின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"...கேக்கறீங்களா?"

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து என்னிடம் கேட்கிறார் போலிருக்கிறது. நான் போனை வாயருகே வைத்துக் கத்தினேன்.

"கேக்கறேன்க்கா! கேக்கறேன்!"

பிறகு தெளிவாக, ஹாரன் சத்தத்தையும் மீறி, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.

நான் பங்குக் கணக்குக்குக் காத்திருந்தேன். யார் எடுத்தார்கள் என்று கேட்கவும் செய்தேன்.

"நீதான் பாப்பா எடுத்த. பதினெட்டு தள்ளி" என்றார் அக்கா.

அக்கா கேட்ட முழு வாக்கியம் இது: "பதினேழுல நிக்குது, பதினெட்டு யாராச்சும் கேக்கறீங்களா?" அதில் கடைசிச் சொல் மட்டும் பஸ்ஸுக்குள் வந்து சேர்ந்தது. காதில் விழுவதும் கேட்பதுதான், ஏலத்தில் தொகை சொல்வதும் கேட்பதுதான். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் இப்படி ஒரு குழி இருப்பதை நான் கவனித்ததே இல்லை. பதினெட்டாயிரம் போனது. அறுபது வர வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு. இன்னும் ஒன்பது மாதத் தவணை பாக்கி.

"அக்கா, நான் காதுல கேக்குதுன்னு சொன்னேன்!"

"ரெண்டு வாட்டி சொன்னியே பாப்பா. பதினோரு பேரு காதுலயும் வுழுந்துச்சே. போன சீட்டுல ஒருத்தி சொல்ல மாத்தினா, சீட்டே ஒடஞ்சு போச்சு. இதுல மாத்த முடியாதும்மா."

போனை எடுத்துக்கொண்டு அம்மா தனியே வந்தார். "நான் என்னாத்தக் கண்டேன்? நீ கணக்குப் போட்டுத்தான் கேக்குறேன்னு நெனச்சேன். காலேஜுல எதுனா சீக்கிரம் கட்டச் சொல்லிட்டாங்களோன்னு." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் அவசரத்தை அம்மா அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. போனுக்காகவே சத்தமாகப் பேசினார். "ஓசூருல ஏசி ரூமுல உக்காந்துக்கினு எங்க தொண்டையில கை வெக்குது உம் பொண்ணு! எம் மோட்டாரு காயிலு எரிஞ்சு கெடக்குது, மஞ்சக் காடு காயுது. ஆயிரம் ரூவா ஏத்திக் கேட்டு அடிச்சிட்டுப் போவுதே, நல்லா இருக்கட்டும்!"

ஏசி ரூம் இல்லை அத்தை, பஸ் என்று சொல்ல நினைத்தேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு பேச்சை முழுசாகக் கேட்டேன்.

அடுத்த வார லீவில் ஊருக்கு வந்தபோது பணம் அரிசி டின்னுக்குள் இருந்தது. நாற்பத்திரண்டாயிரத்தை நான் அதற்கு முன் ஒன்றாகப் பார்த்ததில்லை. பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, இரண்டு தரம் எண்ணிவிட்டு மூடி போட்டேன். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரி, பாப்பிரெட்டிப்பட்டிப் பெண், கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்: "லூசு, இது நல்லதுக்குத்தான். அட்மிசன் இன்னும் முடியல. பதிமூணாயிரம் பெரட்டு, இப்பவே சேந்துரு. ஒரு வருசம் மிச்சம்."

அது உண்மைதான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதைத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவின் தோட்டை அடகு வைத்தால் பதிமூன்று கிடைக்கும். இந்த வாரமே கல்லூரி. ஆனால் சம்பளம் நின்றுவிடும். ஒன்பது மாதம், மாதம் ஐயாயிரம் யார் கட்டுவது? அம்மாவின் களைக்கூலியா? கட்டவில்லை என்றால் பதினோரு பேர் எங்கள் வாசலில் நிற்பார்கள். சேரவில்லை என்றால் இந்தப் பணம் டின்னுக்குள் இருந்து, முதலில் கூரைக்கு, பிறகு அப்பாவின் கடனுக்கு என்று கரைந்து, நான் அந்த வரிசையில் நாலாவதாக நின்றுவிடுவேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் விடை பயமாகவே வந்தது.

டின்னிலிருந்தாவது எடுத்துவிடலாம் என்று வங்கிக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பணத்தைப் பார்த்ததும் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். "டெபாசிட்டாம்மா? அதவிட நல்லது ஒண்ணு இருக்கு. வருசா வருசம் கட்டினா பதினஞ்சாவது வருசம்..." என்று ஒரு இன்சூரன்ஸ் தாளை நீட்டினார். பேனாவையும் திறந்து கொடுத்தார். "சரிதானம்மா? போட்டுரலாமா?" என்று நாலு தரம் கேட்டார். என் நாக்கு நுனியில் 'சரி சார்' வந்து நின்றது. பதினெட்டாயிரம் கொடுத்துக் கற்றுக்கொண்டதல்லவா, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் பேசி ஓய்ந்தார். நான் பணத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அத்தையின் காடு. மஞ்சள் செடிகளின் இலைகள் ஓரம் சுருண்டு, வெளிறிக் கிடந்தன. மோட்டார்க் கொட்டகைக்கு முன்னால் அத்தை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வாய்க்கால் ஓரத்துச் செடிகளுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு ஏக்கரில் அது எத்தனை செடிக்கு ஆகும்?

நான் செய்ததை ஊரில் பிறகு நல்ல மனசு என்றார்கள். நல்ல மனசில்லை, கணக்கு. அங்கேயே நின்று போட்டதுதான்.

"அத்தை, இந்தப் பணத்த நீங்க எடுத்துக்கறீங்களா? எஞ்சீட்டு உங்களுக்கு, உங்க சீட்டு எனக்கு."

குடத்தைக் கீழே வைத்தார். "நக்கலா?"

"இல்லீங்க அத்தை. நீங்க பதினேழுன்னீங்க. நாப்பத்தி மூணு வந்திருக்கும். இதுல நாப்பத்தி ரெண்டு இருக்குது. அந்த ஆயிரம் என் தப்பு, அத நான் போடறேன். உங்க பேரு கடைசி வரைக்கும் ஏலத்துல கேக்காம நிக்கணும். கடைசிச் சீட்டு எனக்கு வரணும்."

"நான் தவண கட்டாம வுட்டா?"

கேட்கக் கூடாத கேள்வியை அவரே கேட்டுவிட்டார். "வுட்டா நான் செத்தேன் அத்தை" என்றேன். அதுதான் உண்மை.

அத்தை சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

சீட்டு அக்காவிடம் போய்ச் சொன்னோம். அவர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "உங்களுக்குள்ள என்னா வேணா மாத்திக்கோங்க. எழுதினத நான் அடிக்க மாட்டேன்." அதில் என் பேருக்கு நேரே 'எடுத்தாச்சு' என்று சிவப்பு டிக். அத்தையின் பேருக்கு நேரே ஒன்றும் இல்லை. இனி என் பேருக்கு அத்தை கட்டுவார், அத்தை பேருக்கு நான். அதாவது, அத்தை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் அக்கா என்னிடம்தான் வருவார். கடைசி மாதம் அறுபதாயிரத்தையும் அத்தை வாங்கிக்கொண்டு 'எது உன்னோடது?' என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது.

அடுத்த மாதத்திலிருந்து ஒன்பதாம் தேதி வந்தால் எனக்குச் சோறு இறங்காது. பத்தாம் தேதி பஸ்ஸில் போனைக் காதோடு அழுத்திக்கொள்வேன். வாயைக் கையால் பொத்திக்கொள்வேன். கணக்கும் சொல்வதில்லை. "கம்ப்யூட்டருக்கு என்னா ரிப்பேரா?" என்று சிரிப்பார்கள். 'அத்தை கட்டிட்டாங்க' என்று அம்மா சொன்ன பிறகுதான் மூச்சு வரும். அதற்குள் மோட்டார் ஓடி, மஞ்சள் பச்சையாகி, தையில் வெட்டி, வேகவைத்துக் காயவைத்தார்கள் என்று அம்மா சொன்னார். விலை இறங்கிக் கிடந்ததால் அத்தை மூட்டைகளை விற்காமல் அடுக்கி வைத்திருக்கிறாராம். மூட்டை விற்காவிட்டால் கையில் காசு எங்கிருந்து வரும்?

பத்தாவது மாதம், ஏப்ரல். எட்டாம் தேதியிலிருந்து அத்தையின் போன் ஸ்விட்ச் ஆப்.

"வூடு பூட்டிக் கெடக்குது" என்றார் அம்மா. "தங்கச்சிகாரி ஒகேனக்கல்ல மீன் கடை போட்டிருக்கறா. அங்க போயிட்டாளாம். எனக்கு என்னமோ நல்லாப் படல. அப்பவே தோட்ட வெச்சுட்டுச் சேந்திருக்கலாம் நீ."

ஒன்பதாம் தேதி எனக்கு வார லீவு. விடிந்ததும் ஓசூரில் பஸ் ஏறி, தருமபுரியில் மாறி, பென்னாகரம் தாண்டி, சுற்றுலா வந்தவர்களோடு நின்றுகொண்டே போனேன். நாலு மணி நேரமும் மனசுக்குள் பேச்சு ஒத்திகை. 'உங்களை நம்பித்தானே அத்தை' என்று தொடங்குவதா, 'போலீசுக்குப் போவேன்' என்று தொடங்குவதா? எதைச் சொன்னாலும் ஒரு துண்டுத் தாள் இல்லாதவள் பேச்சு அது.

எண்ணெய்ப் புகைக்கு நடுவில் அத்தையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சட்டியில் மீன் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுற்றுலாக்காரர்களைக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"பாப்பா! நீ எங்க இங்க?"

"போனு..."

"பரிசல்ல ஏறையில ஆத்துல வுழுந்துருச்சு! அரிசியில போட்டு வெச்சிருக்கறேன், உசுரு வரல." என் முகத்தை மறுபடி பார்த்தார். மெதுவாகப் புரிந்தது அவருக்கு. "ஓஹோ. ஓடிட்டன்னு நெனச்சிட்டியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். கண் வேறெதையோ சொல்லியிருக்க வேண்டும்.

அத்தை இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ஐம்பதும் நூறுமாக, மசாலா வாசனையோடு, கட்டுக் கட்டாக. "நாலாயிரத்து நானூறு இருக்குது. மத்தியானக் கூட்டம் வந்தா மிச்சமும் ஆயிரும். சாயங்காலப் பஸ்ஸுக்கு நானே கெளம்பலாம்னுதான் இருந்தேன். மூட்டய இப்ப வித்தா பாதிக் காசு. அதான் இங்க வந்து வேவறேன்." பிறகு கரண்டியால் சட்டி விளிம்பைத் தட்டினார். "மொதல்ல உக்காந்து தின்னு. பயந்தவ மூஞ்சியப் பாத்துட்டு எவனும் கடைக்கு வர மாட்டான்."

இரண்டு துண்டு ஜிலேபி மீன் தின்றேன். ருசி நினைவில்லை. வெட்கம்தான் நினைவிருக்கிறது. மத்தியானம் அத்தைக்காக நானும் கூவிக் கூவி ஆள் கூப்பிட்டேன். அதற்கு என் வாய் நன்றாகவே பயன்பட்டது. மூன்று மணிக்குள் ஐயாயிரம் ஆகியது.

கடைசிச் சீட்டு ஜூன் பத்தாம் தேதி. போனை நம்பாமல் லீவு போட்டுவிட்டு நேரிலேயே வந்து வாசலில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன். என் பையில் கம்பெனிக்குக் கொடுக்க எழுதிய ராஜினாமாக் கடிதம் இருந்தது. தேதி மட்டும் போடவில்லை. சூப்பர்வைசர் வேறு, இருந்தால் லைன் லீடர் ஆக்குகிறேன், ஆயிரத்து ஐநூறு கூடும் என்று சொல்லியிருந்தார். அத்தை எதிரில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா நோட்டைப் பிரித்தார். பாக்கியிருப்பது ஒரே பேர்தான் என்றாலும் வழக்கம் போல வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அத்தையைப் பார்த்து, "கடேசிச் சீட்டு. கேக்கறியாம்மா?" என்றார்.

அத்தை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். ஒரு வருடச் சேமிப்பு அந்த வாய்க்குள் அரைபடுவது போல இருந்தது எனக்கு.

"எனக்குக் கேக்கல" என்றார் கடைசியில். "பாப்பாவக் கேளு."

எல்லாரும் சிரித்தார்கள். பன்னிரண்டு முகம் என் பக்கம் திரும்பியது. "கேக்கறியா பாப்பா?" என்றார் அக்கா.

ஏழு வருடம் டீச்சர்கள் கெஞ்சியும் வராத நிதானம் அன்றைக்கு வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. அம்மா முழங்கையால் இடித்தார். "ஏண்டி, காது கேக்குதா இல்லியா?"

"எவ்ளோ தள்ளுக்கா?" என்றேன்.

"கடேசிச் சீட்டுக்கு ஏது தள்ளு? முழுசு."

"அப்ப கேக்கறேன்" என்றேன். ஒரே ஒரு தரம்.

மறுவாரம் தருமபுரியில் கட்டணம் கட்டப் போனபோது முதல் வருடத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் ஆகியிருந்தது. கட்டினேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதத்துக்குத் தேதி போட்டேன். மீதி இரண்டாயிரத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டாம் வருடத்துக்கு எங்கே போவது என்று அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே கூட்டத் தொடங்கி, பாதியில் நினைவு வந்து நிறுத்தினேன். அதை அப்படியே கம்பெனியில் கொடுக்க வேண்டுமே.